கையில் இருப்பதை முதலில் சொல்லுங்கள்

மூன்று மாத நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வருபவர்கள் வாசலிலேயே சொல்லும் வசனம் ஒன்றுதான்: "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல டாக்டர், காப்பாத்திடுங்க." கவுன்ட்டரில் பில் வந்ததும் முகம் மாறிவிடும். அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், முழு ரத்தப் பரிசோதனை என்று பாதிப் பணம் போயிருக்கும். குட்டிக்கோ இன்னும் டிரிப்ஸ் ஆரம்பித்திருக்காது. கால்நடை மருத்துவமனையில் வேலை செய்யும் யாருக்கும் இது பழகிப்போன காட்சி. கூச்சத்தை விட்டு, "இன்னைக்கு என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுல எதை முதல்ல செய்யணும்?" என்று கேட்டுவிட்டால் மருத்துவர் வேறு வரிசையில் யோசிப்பார். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவருக்கும் அதுதான் வசதி.

நாய்க்குட்டிகளுக்கு வரும் வைரஸ் நோயான பார்வோவை எடுத்துக்கொள்வோம். 6 வாரத்திலிருந்து 6 மாதத்துக்குள் இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். முதல் நாள் குட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்து மஞ்சளாக, நுரையாக வாந்தி. பிறகு ரத்தம் கலந்த பேதி, அதற்கே உரிய ஒரு வாடையோடு. வைரஸ் குடலின் உட்சுவரை உரித்துவிடுகிறது, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் அடிக்கிறது. வெள்ளையணு குறைந்த உடம்பில், ஓட்டை விழுந்த குடல் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கும். சாவுக்குக் காரணம் பெரும்பாலும் நீரிழப்பும் இந்தக் கிருமித்தொற்றும்தான். குட்டியின் உடம்பே வைரஸை வெல்லும் வரை நாலைந்து நாள் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. தாங்கிப் பிடிக்கும் பொருள்களில் பலவும் விலை குறைந்தவை என்பதைத்தான் செலவை நினைத்துப் பயப்படுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து கிலோ குட்டி ஒன்று. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் இறங்குகிறது, ஈறு பிசுபிசுக்கிறது. நீரிழப்பு உடல் எடையில் 8 சதவீதம் என்று வைத்தால் ஈடுகட்ட வேண்டியது 400 மில்லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 60 மில்லி வீதம் 300. ஆக 24 மணி நேரத்துக்கு 700 மில்லி, போகப் போக வாந்தியிலும் பேதியிலும் இழப்பது தனி. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவம்) 500 மில்லி பாட்டிலில் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட்டில் கணக்கு சுலபம்: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 700 மில்லிக்கு நிமிடத்துக்கு 29 சொட்டு. முதல் சில மணி நேரம் மருத்துவர் வேகத்தைக் கூட்டி வைப்பார். பொட்டாசியம் சேர்த்த பாட்டிலாக இருந்தால் மட்டும், "சீக்கிரம் முடியட்டுமே" என்று யாரும் சொட்டு வேகத்தைக் கூட்டும் ரோலரைத் தள்ளிவிடக் கூடாது. இதயம் நின்றுவிடும்.

கஷ்டமெல்லாம் ஊசி ஏற்றுவதில்தான். நீர் வற்றிய குட்டிக்கு முன்னங்கால் நரம்பு நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கும். நரம்பில் செருகும் மெல்லிய குழாயான கானுலாவில் நீல நிற 22 கேஜ் ஏறாமல், அதைவிட மெல்லிய மஞ்சள் 24-க்கு இறங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் ஒரே குத்தில் ஏறியிருக்கும். ஏறியதைக் குட்டி கடித்துப் பிடுங்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவோம். கூம்பு வாங்கும் காசை மிச்சம் பிடித்தால் மறுபடி கானுலா, மறுபடி குத்து.

டிரிப்ஸுக்கு அடுத்த பணம் வாந்தியை நிறுத்துவதற்கு. மாரோபிடன்ட் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளைக்கு ஒரே ஊசி. நன்றாகக் கேட்கும், விலைதான் அதிகம். கட்டாது என்றால் மனிதர்களுக்கான ஒண்டான்செட்ரான் மலிவாகக் கிடைக்கும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். வெளியே வாங்கிக்கொள்ளச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், தவறே இல்லை. ரத்தச் சர்க்கரையை மட்டும் விடாமல் பார்க்க வேண்டும். சாப்பிடாத குட்டிக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும். அந்த ஸ்ட்ரிப் மிகச் சொற்ப விலை.

எதைத் தள்ளிப்போடலாம்? தடுப்பூசி போடாத குட்டி, ரத்தப் பேதி, கூடப் பிறந்த ஒன்று போன வாரம் செத்திருக்கிறது என்றால் பார்வோவைக் கண்டறியும் பரிசோதனை கிட் இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். கிட் 'இல்லை' என்று காட்டினாலும் நோய் இருக்கலாம். காசு குறைவென்றால் அதைவிட வெள்ளையணு எண்ணிக்கைக்கும் ரத்தப் பூச்சுக்கும் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) செலவழிப்பது மேல். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் அந்தப் பூச்சிலேயே தெரியவரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேதி இல்லை, வாந்தி மட்டும் நிற்கவில்லை, வயிற்றைத் தொட்டால் கத்துகிறது என்றால் வீட்டில் மாங்கொட்டை, சோளக்கட்டை, காலுறை ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே படம் எடுப்பதுதான் முதல் செலவு. மாங்கொட்டை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது, ஸ்கேனும் வேண்டியிருக்கும். அன்றே அறுத்தால் குடலைத் திறந்து எடுத்துத் தைத்துவிடலாம். இரண்டு நாள் விட்டால் அழுகிய பகுதியை வெட்டி இணைக்க வேண்டும், செலவும் ஆபத்தும் ஏறும்.

உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் நல்லது. முடியாதென்றால் காலையும் மாலையும் வந்து டிரிப்ஸ் ஏற்றிப் போகலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 பார்வோ நாய்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சேர்த்து வைத்துப் பார்த்த 20-இல் 18 பிழைத்தன. முதலில் நரம்பு வழி நீர் கொடுத்துத் தேற்றிய பிறகு, தோலுக்கடியில் நீரும் மாரோபிடன்ட்டும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துப் பார்த்த 20-இல் 16 பிழைத்தன. வசதியில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று தைரியமாகச் சொல்ல முடிவது இதனால்தான். அந்த 'முதலில் தேற்றிய பிறகு' என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

பணம் ஒழுகுவது வேறு இடத்தில். திங்கள் ஒரு கிளினிக்கில் ஓர் ஊசி, செவ்வாய் இன்னொரு இடத்தில் இன்னோர் ஊசி, புதன் மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை. நடுவில் யாராவது ஸ்டீராய்டு போட்டிருந்தால் குட்டி அரை நாள் எழுந்து வாலாட்டும், வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு. வியாழன் இரவு தூக்கி வரும்போது உடம்பு சில்லிட்டிருக்கும். அந்த மூன்று நாள் செலவைக் கூட்டினால் முதல் இரண்டு நாள் டிரிப்ஸுக்குச் சரியாக இருந்திருக்கும். வாந்தியோடு இருக்கும் குட்டியின் வாயில் மோரோ கஷாயமோ ஊற்றுவதும் வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் அப்படியே. காலையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் இருக்கும். பார்வோ சந்தேகம் என்று சீட்டுப் போடும்போதே சொல்லிவிட்டு, கூப்பிடும் வரை குட்டியை ஆட்டோவிலேயே வைத்திருங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்தால் வரும் வண்டி பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் குட்டி நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வெள்ளையணுவை மறுபடி பாருங்கள். ஏறத் தொடங்கியிருந்தால் கடன் வாங்கியாவது தொடரலாம். இறங்கிக்கொண்டே போனால் எவ்வளவு வரை என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். நடுராத்திரி போனில் முடிவு எடுப்பது கொடுமை.

பிழைத்து வந்தால் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், இரண்டு மணிக்கொரு தரம் ஒரு ஸ்பூன். சில வாரம் தெருவில் விட வேண்டாம், மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். தரைக்கு ஃபினாயில் ஊற்றிப் பயனில்லை. மலத்தை வழித்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். குட்டி படுத்த சாக்கைக் குப்பைமேட்டில் வீசாதீர்கள், இரவில் தெருநாய்க் குட்டிகள் அதன் மேல்தான் வந்து படுக்கும்.