தலைப்பு வேறு, கேள்வி வேறு

மருத்துவக் கல்லூரி நூலகத்தில், ஆய்வேட்டுக்காக முந்தைய ஆய்வுகளைத் தேட வரும் முதுநிலை மாணவர்களுக்கு உதவுவது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் கொண்டுவருவது ஒரு தலைப்பை, கேள்வியை அல்ல. பாம்புக்கடியில் நஞ்சுமுறி மருந்தின் பங்கு என்று எழுதிக் கொண்டுவந்து அதை அப்படியே மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் இட்டால், விலங்குச் சோதனைகளும் தனி நோயாளர் அறிக்கைகளும் நஞ்சின் புரதங்களைப் பற்றிய கட்டுரைகளும் கலந்து வருகின்றன. எதைப் படிப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய அந்தத் தலைப்பு எந்த வகையிலும் துணைசெய்வதில்லை.

ரிச்சர்ட்சனும் அவருடைய சகாக்களும் 1995இல் முன்வைத்த பைக்கோ முறை, கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று நான்கு கூறுகளாகப் பிரிக்கச் சொல்கிறது. மாணவர்கள் இதை வகுப்பில் படித்தவர்கள்தாம்; ஆனாலும் ஒப்பீட்டைப் பற்றி அவர்கள் ஆழ்ந்து யோசிப்பது அரிது.

பொது மருத்துவத் துறை மாணவர் ஒருவரிடம், "மருந்தை எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள், டாக்டர்?" என்று கேட்டேன். "மருந்து கொடுக்காதவர்களோடுதான், சார்" என்றார். பாம்பு நஞ்சால் இரத்தம் உறையாமல் போனவர்களுக்கு மருந்தே கொடுக்காமல் ஒரு குழுவை வைத்திருப்பது அறத்துக்கு ஒவ்வாதது; ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 மீளாய்வும், அத்தகைய சமவாய்ப்புச் சோதனை (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) ஒன்றைக்கூடக் கண்டறியவில்லை. இதைக் காட்டிய பிறகு, மருந்தின் அளவைப் பற்றியே தமக்கு ஐயம் என்றார் அவர். குறைந்த அளவையும் அதிக அளவையும் ஒப்பிட்ட சோதனைகள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன. ஆகவே கேள்வி இப்படி அமைந்தது: கண்ணாடி விரியன் கடித்து, 20 நிமிட உறைதல் சோதனையில் (இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது) இரத்தம் உறையாத பெரியவர்களுக்குக் குறைந்த அளவு மருந்து கொடுத்தால், அதிக அளவு பெற்றவர்களைவிட டயாலிசிஸ் தேவை கூடுகிறதா?

கேள்வி முழுமையானதும் அதன் எல்லாச் சொற்களையும் தேடுபெட்டியில் இடத் தோன்றும். அங்கேதான் தடுக்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் என்ற சொல்லைச் சேர்த்தால், அந்த விவரத்தை உள்ளே அட்டவணையில் மட்டும் தந்து, சுருக்கவுரையில் குறிப்பிடாத கட்டுரைகள் தவறிப்போகும். கண்ணாடி விரியன் என்று குறுக்கினால் இழப்பு இன்னும் பெரிது. ஏனெனில் கடித்த பாம்பு எதுவென்று தெரியாமலே வருபவர்கள் பலர் என்பதால், இரத்தம் உறையாமையை மட்டும் கொண்டு நோயாளிகளைச் சேர்த்த ஆய்வுகள் நம் நாட்டில் ஏராளம். பாம்பின் அறிவியல் பெயரும் பழைய கட்டுரைகளில் வைப்பெரா ரசல்லி என்றும் இப்போது டபோயா ரசெலி என்றும் இருக்கிறது.

எனவே பாம்புக்கடி, நஞ்சுமுறி மருந்து என்ற இரண்டு கருத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆன்டிவெனின்ஸ் என்ற மெஷ் சொல்லையும் (கட்டுரைகளைப் பொருள்வாரியாக அட்டவணைப்படுத்தப் பயன்படும் நிலையான சொல்), ஆன்டிவெனம், ஆன்டி ஸ்நேக் வெனம், நம் வார்டுகளில் புழங்கும் ஏஎஸ்வி ஆகியவற்றையும் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்னும் 'ஆர்' கொண்டு இணைத்து, பாம்புக்கடிச் சொற்களோடு இரண்டும் இருக்க வேண்டும் என்னும் 'அண்ட்' கொண்டு சேர்த்து, சமவாய்ப்புச் சோதனைகளுக்கான வடிகட்டியை இட்டோம். மெஷ் சொல்லை மட்டும் நம்பினால், பப்மெட்டில் இருந்தும், அதன் மெஷ் சொற்கள் இடப்பட்ட பகுதியான மெட்லைனில் அட்டவணைப்படுத்தப்படாத இதழ்களின் கட்டுரைகள் விடுபடும். இவ்வளவும் செய்து முடிக்க அரை மணி நேரம் போதுமானது. கேள்வியை அமைக்கத்தான் அதைவிட நேரம் பிடித்தது, அதுவே முறை என்றும் கருதுகிறேன்.

தேடலில் இடாத கூறுகள், கிடைத்த கட்டுரைகளைச் சலித்தெடுக்கும்போது பயன்படுகின்றன. ஒதுக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே, நான்கில் எது பொருந்தவில்லை என்பதை மாணவர் தம் ஏட்டில் குறித்துக்கொண்டார். தேடிய தேதியையும் சொற்கோவையையும் அதே பக்கத்தின் மேலே எழுதிவைக்கச் சொன்னேன்; ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் அவற்றை அப்படியே தர வேண்டியிருக்கும்.