அசையும் புரதமும் அசையாத படமும்

கம்ப்யூட்டர் ஒரே வாரத்தில் புது மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று ஏதாவது ஒரு ஃபார்வர்டு வந்தால், உடனே என் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது என்னை டேக் செய்துவிடுவார்கள். நான் செய்வது கணினியில் புரதங்களை ஓடவிட்டுப் பார்க்கும் வேலை, அதாவது அவற்றின் அணுக்கள் நொடிக்கு நொடி எப்படி அசையும் என்று கணக்கிடுவது. கணினி நிஜமாகவே உதவிய மருந்து ஒன்றைச் சொல் என்று கேட்டால் நான் சொல்வது ஜனாமிவிர். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கானது. என் பிஎச்டி முழுக்க அது போய் ஒட்டும் புரதத்தோடுதான் கழிந்தது என்பதால் கொஞ்சம் பாசமும் உண்டு.

அந்தப் புரதத்தின் பெயர் நியூராமினிடேஸ். வைரஸ் நம் செல்லுக்குள் பெருகி வெளியே வரும்போது, செல்லின் மேலிருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சர்க்கரையை வெட்டி வைரஸை அவிழ்த்துவிடுவதுதான் நியூராமினிடேஸின் வேலை. அதை அடைத்துவிட்டால் புது வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். 1983ல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன், ஜோசப் வர்கீஸ், கிரேம் லேவர் ஆகியோர் அதன் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் வெளிக்கொண்டு வந்தார்கள். (லேவர் தனி ரகம். கடற்பறவைகளிடம் காய்ச்சல் வைரஸைத் தேடிக் கிரேட் பேரியர் ரீஃப் தீவுகளுக்குப் போனவர்.)

சயாலிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றிய ஒரு மூலக்கூறு அப்போதே கையில் இருந்தது. ஒட்டும், ஆனால் பிடி போதாது. மெல்போர்னில் மார்க் வான் இட்ஸ்டைன் குழு அங்கேதான் கணினியைக் கூப்பிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் குட்ஃபோர்ட் 1985ல் வெளியிட்ட கிரிட் என்ற நிரல், புரதத்தின் குழிக்குள் கற்பனையாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்ன வேதிக்குழுவை வைத்து, அங்கே அதற்கு எவ்வளவு ஆற்றல் லாபம் என்று கணக்குப் போடும். மூலக்கூறின் நாலாவது கார்பனில் இருந்த ஹைட்ராக்சில் என்ற வேதிக்குழுவின் பக்கம் நேர்மின் குழு ஒன்று வந்தால் நன்றாக உட்காரும் என்று அது காட்டியது. அந்த மூலையில் எதிர்மின்னோடு குளூட்டமேட் என்ற அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) இருக்கின்றன, அதனால்தான். ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு நேர்மின் குழுவான அமினோ போட்டார்கள், பிடி இறுகியது. அதைவிடப் பெரிய நேர்மின் குழுவான குவானிடினோ போட்டதும் ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுகியது. அதுதான் ஜனாமிவிர். 1993ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

கணினி சொன்னது அவ்வளவுதான், இங்கே நேர்மின் வை என்று. குழியைக் காட்டியவர்கள் எக்ஸ்ரே படத்துக்காகப் புரதத்தைப் படிகமாக வளர்த்தவர்கள், மூலக்கூறைச் செய்தவர்கள் வேதியியலாளர்கள். அந்த ஒரு வரி பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் குறையவில்லை.

தேனியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தி ஒருமுறை கேட்டார்: "ஏம்மா, ஃப்ளூ காய்ச்சலுக்கு ஓசெல்டாமிவிர் காப்ஸ்யூல்தான் எல்லா டாக்டரும் எழுதுறாங்க. நீ சொல்ற மருந்துக்கு இதுவரைக்கும் ஒரு சீட்டு கூட வரலியே?"

"அது மாத்திரையா முழுங்கினா உடம்புல சேராது சித்தி. பவுடரா மூச்சுல இழுக்கணும்."

"காய்ச்சல்ல கிடக்கறவங்க எங்கம்மா இழுக்கறது!"

சித்தி சரியான இடத்தில் கை வைத்தார். எவ்வளவு இறுக ஒட்டும் என்பதைக் கணினி ஓரளவு சொல்லும். குடலைத் தாண்டுமா, நோயாளிக்குக் காய்ச்சல் எத்தனை நாள் குறையும் என்பதெல்லாம் வேறு கணக்கு. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஜனாமிவிர் வேண்டாம் என்றே வாக்களித்தது. அதற்குப் பிறகும் 1999ல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வந்த ஓசெல்டாமிவிர், வாயால் சாப்பிடலாம் என்ற வசதியால் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஓசெல்டாமிவிர் உள்ளே உட்கார வேண்டுமானால் புரதச் சங்கிலியில் 276ஆம் இடத்துக் குளூட்டமேட் கொஞ்சம் திரும்பி இடம் விட வேண்டும். பக்கத்திலிருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் டைரோசின் என்ற இன்னொன்றாக மாறினால் அந்தத் திரும்பல் கெட்டுவிடும். 2007-08 குளிர்காலத்தில் அந்த மாற்றம் கொண்ட எச்1என்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ் பரவத் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் உலகின் பல இடங்களை எட்டியது. ஜனாமிவிருக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை, அதனால் அந்த வைரஸிடமும் அது வேலை செய்தது.

திரும்புவது, நகர்வது. என் வேலையே இதுதான். எக்ஸ்ரே படத்தில் புரதம் அசையாமல் நிற்கும். கல்யாண ஃபோட்டோவில் எல்லாரும் மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்த்து, இந்தக் குடும்பமே இப்படித்தான் நிற்கும் என்று முடிவு கட்டுவது போலத்தான் அதை நம்புவதும். அந்த இரண்டு மருந்துகளும் நியூராமினிடேஸின் என்2, என்9 வகைகளின் படங்களைப் பார்த்து உருவானவை. 2006ல் பறவைக் காய்ச்சலின் என்1 வகையின் படம் வந்தபோது, சங்கிலியின் 150ஆம் எண்ணை ஒட்டிய வளைந்த பகுதி, நாங்கள் வளையம் என்போம், விலகி, குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி திறந்திருந்தது. அதற்கு முன் யாரும் பார்க்காத இடம்.

அடுத்த ஆண்டே ரோமி அமாரோ, ஆண்ட்ரூ மக்காமன் குழுவினர் அதைக் கணினியில் ஓடவிட்டார்கள். படத்தில் இருந்ததைவிட வளையம் இன்னும் அகலமாகத் திறந்தது. 1977ல் மார்ட்டின் கார்ப்ளஸ், புரூஸ் ஜெலின் ஆகியோரோடு சேர்ந்து முதன்முதலில் ஒரு புரதத்தின் அசைவைக் கணக்கிட்டவரும் இதே மக்காமன்தான். 58 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், சுற்றிலும் தண்ணீர் கிடையாது, ஓடிய நேரம் சுமார் 9 பிகோ நொடி (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). பிறகு 2009 பெருந்தொற்று வைரஸின் என்1 படிகம் வந்தபோது வளையம் மூடியே இருந்தது. அப்போ இதில் அந்தக் குழியே இல்லையா என்று கேள்வி வந்தது. 2011ல் அமாரோ குழுவின் ஓட்டம் அதிலும் வளையம் திறந்து மூடுவதைக் காட்டியது. இதைப் படித்த இரவில்தான் என் பிஎச்டி தலைப்பு முடிவானது.

எங்கள் துறையில் இருப்பது கேமிங் பையன்கள் வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு பெட்டி. நாலு துண்டும் சேர்ந்த முழு நியூராமினிடேஸைத் தண்ணீரோடு வைத்தால் அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். கணக்கு அடி அடியாக நகரும், ஒரு அடி 2 ஃபெம்டோ நொடி (ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிகோ, ஆயிரம் பிகோ ஒரு நானோ). 100 நானோ நொடி பார்க்க 5 கோடி அடிகள். நடுவில் கரண்ட் போகும், யுபிஎஸ் அலறும், கடைசியாகச் சேமித்த செக்பாயிண்ட் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவோம். ஓட்டுவது பெரிய விஷயமில்லை. ஓட்டுவதற்கு முந்திய வேலைதான் நெஞ்சைத் தின்னும். ஒவ்வொரு ஹிஸ்டிடினிலும் ஹைட்ரஜன் எந்த நைட்ரஜன் மேல், குழிக்குப் பக்கத்துக் கால்சியம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். ஓடி முடிந்ததும் முதலில் திறப்பது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்டது. அணுக்கள் மோதாமல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்ற அந்தக் கணக்கு இன்னும் அசையவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் எம்எஸ்சி மாணவர்களின் ப்ராஜெக்ட்கள். ஒரு புரதத்தின் வடிவம் உள்ள கணினிக் கோப்பு ஒன்றை இறக்கி, மூலிகையிலிருந்து நாற்பது மூலக்கூறுகளை எடுத்து டாக்கிங் செய்து (குழிக்குள் கணினியில் பொருத்தி, ஒட்டும் ஆற்றலை மதிப்பிடுவது), மைனஸ் 9 கிலோ கலோரி வந்ததும் மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். 2020ல் கபசுரக் குடிநீரை வைத்து இப்படி வந்த கட்டுரைகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்குக் குடிநீரோடு சண்டை இல்லை. அந்த எண்ணோடுதான். ஒட்டும் ஆற்றலில் 1.4 கிலோ கலோரி வித்தியாசம் வந்தாலே பிடி பத்து மடங்கு மாறும். டாக்கிங் எண்ணில் 2 கிலோ கலோரி பிசகுவது சர்வ சாதாரணம். மைனஸ் 9க்கும் மைனஸ் 8க்கும் நடுவில் முதல் பரிசு கொடுக்க என்ன இருக்கிறது?

அதனால் இந்த வருடம் என் மாணவர்களின் ப்ராஜெக்ட்டில், முதல் மாதத்துக்கு மூலிகை கிடையாது. 2எச்டிஒய், 2எச்யூ4 என்ற எண்கள் கொண்ட இரண்டு புரத வடிவக் கோப்புகள் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே என்1 தான், ஒன்றில் வளையம் திறந்திருக்கும், மற்றதில் மூடியிருக்கும். இரண்டிலும் ஓசெல்டாமிவிரை டாக் செய்து, எண் எவ்வளவு மாறுகிறது, எந்த அமினோ அமிலத்தால் மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். அதைப் பார்த்த பிறகு நாற்பது மூலக்கூறுகளைப் பற்றிப் பேசலாம்.