கட்டையை யார் உடைப்பது?

வடசென்னை எர்ணாவூரில் இட்லி விற்கும் ஒரு அக்காவுக்கு அடுப்பு கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் அதன் மேல் தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மூன்று செங்கல், மேலே இட்லிக் குண்டான், அடியில் முழ நீளப் பலகைகள், கண்ணைக் கரிக்கும் புகை.

விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளைக் கொடுப்பதும், அப்புறம் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவதும் அப்போது என் வேலை. எங்களுடையது ராக்கெட் அடுப்பு. 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வகுத்த அமைப்பு. உள்ளே எல் எழுத்து போல வளைந்த வழி, சூடு வெளியே போகாதபடி சுற்றிலும் எடை குறைந்த காப்புப் பூச்சு. விறகு ஒரு தட்டின் மேல் கிடக்கும். காற்று அடியில் நுழையும். உள்சூடு ஏறியதும் புகையே எரிந்துவிடும்.

பட்டறையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மிச்ச விறகை எடைபோட்டுப் பார்த்தோம். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மின்விசிறி இல்லாத அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது 25. எங்களுடையது தாண்டியது. நாங்கள் எரித்ததோ, விரல் தடிமனுக்கு மிஷினில் அறுத்து வாங்கிய காய்ந்த கட்டை. அது அன்று யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

அக்காவிடம் இருந்தது துறைமுகப் பக்கம் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை, ஆணியோடு. எங்கள் அடுப்பின் வாய் நாலு அங்குலம்.

"இத்த யாரு தம்பி ஒடைக்கிறது? காலைல நாலு மணிக்கு நான் கத்தியோட குந்திக்கினா மாவு யாரு ஊத்துவா?"

செங்கல் அடுப்பில் பலகையை நீட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அவ்வப்போது காலால் தள்ளினால் போதும். பலகை அவருக்குச் சும்மா கிடைப்பது. விடிகாலை நேரம் அப்படியில்லை. காஸ் இருக்கிறது, டீ போடவும் மழைநாளுக்கும். 14.2 கிலோ சிலிண்டரில் தினமும் இட்லி அவித்தால் கட்டுப்படியாகாது.

என் படிவத்தில் விறகுக்குக் கட்டம் உண்டு, புகைக்கு உண்டு. பிளக்கும் வேலைக்கு இல்லை. 'அடுப்பு வீட்டில் உள்ளதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். பொய்யில்லையே.

மனசு கேட்கவில்லை. குடத்தை இறக்கி, கத்தியை வாங்கி, அரைமணி நேரம் பலகையைச் சிறாய் சிறாயாகப் பிளந்தேன். உள்ளங்கையில் கொப்புளம். பற்றவைத்ததும் நீலம் கலந்து நின்று எரிந்தது. புகை கண்ணிலேயே படவில்லை.

அக்கா குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் எரியுது. டெய்லி நாலு மணிக்கு வந்துடுறியா?"