நேர்காணலில் சிக்கலான கேள்விகளை எதிர்கொண்ட விதம்

தந்தையின் சிகிச்சைக்காகப் பணியிலிருந்து விலகியிருந்த நான் மீண்டும் கணக்காளர் வேலை தேடத் தொடங்கியபோது, துறை சார்ந்த கேள்விகளைவிட, "இடையில் ஏன் வேலையில் இல்லை?" என்ற கேள்விக்கே அதிகம் ஆயத்தமாக வேண்டியிருந்தது. இதைக் கேட்பவருக்கு நம் குடும்பக் கதை முழுவதும் தேவையில்லை. அந்தக் காரணம் இன்னும் நீடிக்கிறதா, தொழில் கைவிட்டுப் போயிருக்குமா என்னும் இரண்டு ஐயங்கள்தாம் அவருக்கு இருக்கின்றன. ஆகவே காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, தந்தை குணமடைந்துவிட்டதையும், அந்தக் காலத்திலும் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாதக் கணக்குகளை முடித்துக் கொடுத்து வந்ததையும் கூறினேன். உடனே அவர், நம் ஏட்டிலுள்ள வங்கிக் கணக்கை வங்கியின் கணக்கோடு ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேடுவீர்கள் என்று கேட்டார். இன்னும் பணமாகாத காசோலைகள், நம் ஏட்டில் பதியாத வங்கிக் கட்டணங்கள் என்று பேச்சு தொழிலுக்குள் திரும்பியது.

பலவீனத்தைப் பற்றிய கேள்விக்கு, "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்பதைப் போன்ற ஒப்பனைப் பதில்கள் நிற்பதில்லை. "அண்மையில் எப்போது அப்படி நடந்தது?" என்ற அடுத்த கேள்வியிலேயே அவை சரிந்துவிடும். எனக்குப் பலர் முன்னிலையில் பேசத் தயக்கம் உண்டு என்பதையும், அதற்காகக் கூட்டங்களுக்கு முன்பே குறிப்பெழுதிக்கொள்வதையும் சொன்னேன்.

மேலதிகாரியுடன் கருத்து வேறுபட்டதுண்டா என்று கேட்டால், சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்வது மிகவும் உதவுகிறது. பெரும்பாலோர் சூழலிலேயே நேரத்தைச் செலவிட்டு, செயலுக்கு வரும்போது "நாங்கள் சரிசெய்தோம்" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பவர் அறிய விரும்புவதோ "நான்" என்ன செய்தேன் என்பதை.

விடுகதை போன்ற கேள்விகளுக்காக நான் அதிகம் மெனக்கெடவில்லை. கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக்கே, அவற்றால் பயனில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எங்கேனும் கேட்டால், விடையைவிட அதை எட்டும் வழியை வாய்விட்டுச் சொல்வதே போதுமானது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது, அப்பணிக்கு ஒதுக்கியுள்ள வரம்பை முதலில் கேட்டறிந்து, எனக்கு உண்மையில் போதுமான தொகையைக் கீழ்வரம்பாக வைத்துச் சொன்னேன். இறுதியாக, ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா என்றபோது, இந்த இடம் ஏன் காலியானது என்று கேட்டேன். அவர்கள் தயங்காமல் விளக்கிய பின்பே, வாய்ப்பு வந்தால் அங்கே சேர்வது என்று முடிவு செய்தேன்.