பொவே: பாதியில் நின்ற பேராலயம்

பாரிஸிலிருந்து வடக்கே ஒன்றேகால் மணி நேர ரயில் பயணம். பொவே ஊருக்கு நான் போனது புனித பேதுரு பேராலயத்துக்காக மட்டும்தான்.

கிழக்குப் பக்கம் மலை மாதிரி நிற்கிறது. சுற்றிக்கொண்டு மேற்கே வந்தால் வாசலைக் காணோம், வெறும் அடைப்புச் சுவர். மக்கள் நின்று வழிபட வேண்டிய நீண்ட கூடம் கட்டப்படவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் 10-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்றின் மிச்சம், சின்னதாக, இன்னும் இருக்கிறது.

தெற்கு வாசல் வழியாக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது, பார்வையை இறக்க மனம் வரவில்லை. கல் கூரை 48 மீட்டர் உயரத்தில். கோதிக் எனும் இடைக்கால ஐரோப்பியப் பாணி ஆலயங்களில் இதைவிட உயரமான கூரை வேறெங்கும் இல்லை. கூர்முனை வளைவுகள் பாரத்தைத் தூண்களுக்கு இறக்குகின்றன. வெளியே சாய்ந்து நிற்கும் கல் வளைவுகள் சுவர் பிதுங்காமல் தாங்குகின்றன. அதனால்தான் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி.

1225-இல் தொடங்கி, பீடப் பகுதியை 1272-இல் முடித்தார்கள். பன்னிரண்டே வருடம், 1284-இல் கூரையின் ஒரு பகுதி விழுந்துவிட்டது. அவர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை. தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களை நிறுத்தி, அதே உயரத்துக்கு மறுபடி கட்டினார்கள். அகலமாக இருந்த வளைவுகள் இரண்டிரண்டாகக் குறுகியிருப்பதை இன்றும் பார்க்கலாம். எனக்கு இந்த ஆலயத்தில் மிகவும் பிடித்தது அந்தப் பிற்காலத் தூண்கள்தான்.

அப்புறம் பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போர். சிலுவையின் கைகள் மாதிரி இருபுறமும் நீளும் குறுக்குக் கூடத்தை 1500-இல்தான் தொடங்க முடிந்தது. அது முடிந்ததும் நீண்ட கூடத்தைக் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் குறுக்குக் கூடத்தின் நடுவே கோபுரம் எழுப்பினார்கள், 153 மீட்டர். 1569-இல் முடிந்தது. மேற்கே கூடம் இல்லாததால் அந்தப் பக்கத் தூண்களுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 1573, விண்ணேற்றத் திருநாளன்று மக்கள் பவனியாக வெளியே போன பிறகு கோபுரம் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பழுது பார்க்கவே பணம் கரைந்துபோனது.

1940 குண்டுவீச்சில் சுற்றியிருந்த ஊர் எரிந்தும் ஆலயம் தப்பியது. இப்போது குறுக்குக் கூடத்துக்குள் மரமும் எஃகுமாகப் பெரிய முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு எடுக்கிறார்கள். நான் அதையும் சேர்த்தே எடுத்தேன்.