வியாழக்கிழமைச் சீட்டு

கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் இரண்டாண்டுக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது, அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பேரில்தான் ஃபுட் இருக்கிறது, ஆட்டம் பெரும்பாலும் கையில். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், டச்டவுனுக்கு ஆறு புள்ளி என்பதெல்லாம் பையன்கள் சொல்லிக்கொடுத்தது. பதிலுக்கு நான் அவர்களுக்கு காலேஜ் அல்ஜீப்ரா எடுத்தேன். அவர்கள் அளவுக்கு நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேனா என்பது சந்தேகம்.

ஆகஸ்டில் முதல் வகுப்பு. முன் இரண்டு வரிசையும் நிரம்பியிருந்தது. மேஜையோடு ஒட்டிய அந்தச் சின்ன நாற்காலிகளில் இடுப்பை நுழைக்கவே சிலர் திண்டாடினார்கள். தலையில் தொப்பி கூடாது, காதில் எதுவும் கூடாது, முன்வரிசையில்தான் உட்கார வேண்டும்: எல்லாம் கோச் போட்ட சட்டம். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷத்தில் துணைக் கோச் ஒருவர் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டுப் போவார். ஃபுளோரிடா, ஜார்ஜியா பையன்கள் வாய்க்கு வாய் 'சார்' போட்டார்கள். ஊரை விட்டு வந்து பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதில் முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகவே இளகிப்போனேன்.

ஃபுளோரிடாப் பையனுக்குக் கான்சாஸ் கோதுமைக் காட்டில் என்ன வேலை? ஒருவனுக்குப் பள்ளியில் மார்க் போதவில்லை. இன்னொருவன் இரண்டு அங்குலம் குட்டை. வேறொருவன் பெரிய கல்லூரியில் சேர்ந்து ஏதோ தகராறில் வெளியே வந்தவன். ஜூகோ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த ஜூனியர் காலேஜ்களில் இரண்டு வருஷம் ஆடி, யார் கண்ணிலாவது பட்டு, நான்காண்டுக் கல்லூரிக்குத் தாவ வேண்டும். கான்சாஸ் ஜூகோ அணியில் வெளிமாநிலத்தார் 20 பேருக்கு மேல் கூடாது என்று முன்பு கட்டுப்பாடு இருந்தது. 2016-ல் அதை எடுத்தார்கள். அப்புறம் வந்து குவிந்தார்கள்.

பள்ளியிலேயே தகுதி பெறாதவன் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான முதல் டிவிஷனுக்குப் போக இங்கே பட்டம் வாங்க வேண்டும், கிரேடு சராசரி நாலுக்கு 2.5 வேண்டும். அதற்குள் ஆங்கிலத்தில் 6 கிரெடிட், அறிவியலில் 3, கணக்கில் 3. அந்தக் கடைசி மூன்று என் கையில் இருந்தது. வியாழக்கிழமைதோறும் ஆளுக்கொரு சீட்டோடு வரிசையில் நிற்பார்கள்: எத்தனை நாள் வந்தான், இப்போது என்ன கிரேடு, வாத்தியார் கையெழுத்து. சீட்டு இல்லாதவனுக்கு விடியற்காலை ஓட்டம்.

அந்த வரிசையில்தான் ஒருவன் எனக்கு, பின்னாளில் பெரிய ஃபுட்பால் நட்சத்திரமான ஆரன் ராஜர்ஸ் கதையைச் சொன்னான். கலிஃபோர்னியாவில் பியூட் காலேஜ் என்ற ஜூகோவில் 2002-ல் ராஜர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கோச் அங்கே வந்தது வேறொரு ஆட்டக்காரனைப் பார்க்க. கண்ணில் பட்டது இவர். ஜூகோவில் இந்தக் கதை தெரியாத பையன் கிடையாது. நான் வீட்டில் போய்ப் படித்துப் பார்த்தேன். ஒரே வருஷத்தில் அவர் மாற முடிந்ததற்குக் காரணம் பள்ளியில் வாங்கியிருந்த நல்ல மார்க். அடுத்த வியாழக்கிழமை அதைச் சொன்னேன். "கதையைக் கெடுத்துட்டீங்க சார்" என்றான்.

செப்டம்பரில் தப்பு என் பக்கம். ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்குச் சனிக்கிழமை நள்ளிரவு என்று கெடு வைத்திருந்தேன். யோசிக்காமல் வைத்ததுதான். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் மாநிலத்தின் மேற்குக் கோடியில். திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் சிக்னல் இல்லை. பதினோரு பேருக்குப் பூஜ்யம் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை, எதிரணியை மடக்கி வீழ்த்தும் லைன்பேக்கர் ஒருவன் சாண்ட்விச் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். மயோனைஸ் கறைக்கு நடுவே ஏழு இருபடிச் சமன்பாடுகள், பேருந்துக் குலுக்கலில் கோணல்மாணலாக. ஐந்து சரி. கெடுவைத் திங்கட்கிழமைக்கு மாற்றினேன். மூடியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றதுதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் கோச்சைத்தான் குறை சொல்வார். எனக்கு அந்த மனிதர் மேல் பரிதாபம். அவரிடம் இருந்த ஒவ்வொருவனும் கிளம்புவதற்கென்றே வந்தவன். அணி ஜெயித்தால் சந்தோஷம், ஆனால் ராத்திரி அறைக்குப் போனதும் தான் பந்தைப் பிடித்த துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டி வீடியோவாக்கி முகம் தெரியாத கோச்சுகளுக்கு அனுப்புவான். தோற்ற ஆட்டத்திலும் நல்ல துண்டு கிடைக்கும். துணைக் கோச்சுகளும் பெரிய இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்வதற்கென்ன, நானும்தான்.

நவம்பரில் கடைசி உள்ளூர் ஆட்டம். இரண்டாம் ஆண்டுப் பையன்கள் பெற்றோரோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து போவது வழக்கம். மயாமியிலிருந்து யாரும் வர முடியாது என்று லைன்பேக்கர் என்னைக் கூப்பிட்டான். குளிர்காற்று காதை அறுத்தது. டேப் சுற்றிய கையை என் தோளில் போட்டுக்கொண்டான்; கையா உலக்கையா என்று தெரியவில்லை. அறிவிப்பாளர் என் பேரை உச்சரிக்கப் பார்த்து, இரண்டாவது எழுத்தில் கைவிட்டு, "இவரோடு வருவது அவருடைய அங்கிள்" என்று முடித்துவிட்டார். மாமா முறை கொண்டாட எனக்கும் ஆட்சேபம் இல்லை.

அல்ஜீப்ராவில் அவனுக்கு 'சி'. டிசம்பரில் பட்டத்தோடு கிளம்பினான். முதல் டிவிஷன் இல்லை, அடுத்ததில் ஒரு கல்லூரி. ஜனவரி மூன்றாம் வாரம் போனில் ஒரு படம் வந்தது, புது டைம்டேபிள். கீழே ஒரு வரி: "சார், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கஷ்டமா?"