காசு அனுப்புகிறவரும் குசினியில் நிற்கிறவரும்

கிளிநொச்சியில் வீட்டு உள்ளக வடிவமைப்பு வேலை செய்யத் தொடங்கி ஏழு வருடமாகிறது. எனக்கு வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித்தான்: காசு அனுப்புவது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, வீட்டில் இருப்பது அம்மாவும் அப்பாவும். அப்படியென்றால் என் வாடிக்கையாளர் யார்? இதை நான் ஒரு வீட்டைக் கெடுத்துத்தான் படித்தேன்.

பரந்தன் பக்கம், வயலை ஒட்டிய வீடு. மகன் ரொறன்ரோவில் இருந்தார். அவர் அனுப்பிய படங்களெல்லாம் வெள்ளைக் குசினிகள், பளபளக்கிற கதவுகள், நடுவில் மேசை போல ஒரு திட்டு. இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. தினமும் அந்த நேரத்துக்குக் கதைப்போம். கேட்ட காசை கேட்ட நாளிலேயே அனுப்புகிற நல்ல மனிதர். அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "தம்பி சொன்னபடி செய் பிள்ளை" என்பார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த வழியால் போனபோது எட்டிப் பார்த்தேன். பின்வளவில் நாலு தகரம் போட்ட கொட்டில், அதற்குள் மூன்று கல் அடுப்பு. அம்மா அங்கேதான் சமைக்கிறார். நான் செய்து கொடுத்த குசினியின் நடுத்திட்டில் இரண்டு நெல்மூட்டை. காலபோகத்தில், அதாவது மழைக்கால வெள்ளாமையில், வந்த நெல்லை வைக்க என் வரைபடத்தில் இடமே இருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் பட்டுப் பட்டு குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சிங்குக்குக் கீழே, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை ஊறி வீங்கிக் கிடந்தது.

"பிடிக்கேல்லையெண்டு ஏனம்மா ஒரு சொல்லும் சொல்லேல்ல?"

"அவன் குளிருக்க நிண்டு உழைச்சு அனுப்பின காசு பிள்ளை. நான் எப்பிடி வேண்டாமெண்டுறது?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மகனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "கொட்டிலை ஒழுங்காக் கட்டிக் குடுங்கோ அக்கா" என்றார். புகைபோக்கி வைத்து, ஓடு போட்டுக் கட்டினோம். கூலியை நான் வாங்கவில்லை.

இப்போது முதல் சந்திப்பில் படம் எதுவும் காட்டுவதில்லை. சமைக்கிற நேரமாகப் பார்த்துப் போய் ஒரு மணித்தியாலம் இருப்பேன். தேங்காய்த் துருவலை எங்கே இருக்கிறது, மீன் எங்கே வெட்டுகிறார்கள், யார் நிலத்தில் இருந்து வேலை செய்கிறார்கள், விறகுக்கு எங்கே இடம், எல்லாம் குறிப்பேன். அப்புறம் அம்மாவின் முழங்கை உயரத்தை அளப்பேன். குசினி மேடைக்கு வழக்கமான உயரம் 34 முதல் 36 அங்குலம். ஐந்தடிக்குக் குறைந்த ஒருவர் அதில் நின்று தேங்காய்ப்பால் பிழிந்தால் தோள் நோகும். அவருக்கு 32 அங்குலம் போதும்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். எங்கள் அம்மாமார் அதற்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். "சோத்துப்பானையை எங்க இறக்கி வைப்பியள்?" என்று கேட்டால் கையை நீட்டி இடத்தையே காட்டுவார்கள். கட்டுவதற்கு முன் நிலத்தில் சோக்கால் கோடு போட்டு, பானையோடு நடந்து பார்க்கச் சொல்வேன். அதை வாட்ஸ்அப் வீடியோவில் பிள்ளையும் பார்க்க வேண்டும். தாயின் கால் எங்கே தடுக்குகிறது என்று கண்ணால் கண்ட மகன் அதற்குப் பிறகு நடுத்திட்டு கேட்டதில்லை.

காசு விஷயம் தனி. 2021 தொடக்கத்தில் 1000 ரூபாய் அளவில் இருந்த ஒரு மூட்டை சீமெந்து 2022 நடுப்பகுதியில் 3000 ரூபாய் அளவுக்கு ஏறியது. டொலரில் அனுப்பியவர்கள் ஒருவாறு சமாளித்தார்கள். இங்கேயே சம்பளத்தில் இருந்த ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு நான் பொருளும் கூலியும் சேர்த்து ஒரே விலையாகப் பேசியிருந்தேன். பாதி வேலையில் நின்று, இரண்டு பக்கமும் மனம் கசந்து போனது. இன்றைக்கும் சந்தையில் கண்டால் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதிலிருந்து பொருள் வேறு, கூலி வேறு. பொருளை அவர்களே வாங்கட்டும், பில் அவர்கள் கையில் இருக்கட்டும். என் விலை பதினான்கு நாளுக்குத்தான் செல்லும். நடுராத்திரியில் வருகிற குரல் பதிவை நம்பி, தச்சுவேலை செய்கிற ஓடாவி அண்ணை பலகை அறுக்கக்கூடாது. மாற்றம் என்றால் எவ்வளவு கூடும், எத்தனை நாள் பிந்தும் என்று நான் எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் "சரி" என்று எழுத வேண்டும்.

போன வருடம் புதுக்குடியிருப்பில் ஒரு வீடு. லண்டனில் இருக்கிற மகள் முன்வாசலைப் புதிதாக்கச் சொன்னார். அங்கே முதிரை மரத்தில் செய்த பழைய கதவு நிலை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஷெல் துண்டு பட்ட குழிகள். கழற்ற ஆள் வந்த அன்று காலை ஐயா அதற்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பரந்தன் அம்மாதான் ஞாபகம் வந்தார். வேலையாட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து இருக்கச் சொல்லிவிட்டு, அவரிடம் நிலையைப் பற்றிக் கேட்டேன். போர் முடிந்து 2012 இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, யன்னல் இல்லை, இது மட்டும் நின்றதாம். அவருடைய தகப்பன் முதிரை வெட்டி இழைத்ததாம். அவரைக் கேட்டுக்கொண்டு, அதைப் பதிவு செய்து மகளுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒரு வரி வந்தது: "அக்கா, நிலை இருக்கட்டும். அதுக்குப் பொருந்திற மாதிரிக் கதவு போடுங்கோ."

குழிகளை அடைக்கட்டா என்று ஓடாவி கேட்டார். ஐயா வேண்டாம் என்று தலையசைத்தார். எண்ணெய் மட்டும் பூசினோம்.